எர்த்சீயை மறுபடி எடுக்கும்போது

சின்ன வயதில் படித்த அர்சுலா லெ குவினின் எர்த்சீ என்ற மாயாஜாலக் கதைவரிசையை மறுபடி எடுக்கிறீர்களா? 1968-இல் வந்த முதல் நாவலில் தொடங்குங்கள். ஆனால் மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். நான்காவதான தெஹானு 1990-இல்தான் வந்தது. மந்திரம் குறைவு, வீட்டுவேலை அதிகம். பதினைந்து வயதில் சலிப்புத் தட்டும், நாற்பதில் அதுதான் பிடிக்கும். 2001-இல் வந்த இரண்டு புத்தகங்களில் சிறுகதைத் தொகுப்பை முதலில் முடியுங்கள். அதன் கடைசிக் கதையில் வரும் ஐரியன், அடுத்த நாவலில் அறிமுகமே தேவையில்லாதவள்போல் வந்து நிற்பாள்.

பழைய பேப்பர்பேக் என்றால் முதுகுப் பசை காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும். நடுவில் விரித்து அழுத்தினால் தாள்கள் கொத்தாகக் கழன்றுவிடும். 90 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். முன்பக்கத் தீவு வரைபடத்தை ஃபோனில் படமெடுத்துக்கொண்டால் அடிக்கடி புரட்டவும் வேண்டாம்.