இருமல் நின்றால் போதாது: அங்கன்வாடிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து அங்கன்வாடிகளுக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கும் ஹெல்ப்பர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். கை கழுவுவது, கதவுக்குத் தாழ் போடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும், அதை விட்டுவிடுகிறேன். எங்கள் காலத்தில் நடந்த தவறுகளே இன்றும் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இருமல் நின்றதும் விட்டுவிடுவது

நம்முடையது நிலக்கடலை விளையும் பூமி. பறிப்பு சமயத்தில் பிள்ளைகளின் டவுசர் பாக்கெட்டைத் தடவினால் கடலை அகப்படும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பற்கள் முளைத்திருந்தாலும் கடலையை அரைத்து விழுங்கும் பக்குவம் வந்திருக்காது. வாயில் போட்டுக்கொண்டு சிரித்தால், ஓடினால், பாதிக் கடலை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஒரு மையத்தில் அப்படித்தான் நடந்தது. பிள்ளை கண்ணில் நீர் வர இருமியது, பிறகு அடங்கிவிட்டது. "இருமல் நின்னு போச்சுங்க டீச்சர், விளையாடிட்டிருக்குது" என்றார் புது ஹெல்ப்பர். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் வாரக்கணக்கில் வீசிங், காய்ச்சல், சளி மருந்து. கடைசியில் கோயம்புத்தூரில் குழாய் விட்டுப் பார்த்துத்தான் ஊறிப் போன கடலைத் துண்டை எடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருந்தால் டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

பொருள் உள்ளே இறங்கிய பிறகு இருமல் அடங்குவது உண்டு. கடலை ஈரத்தில் ஊறிப் பருக்கும், அதன் எண்ணெய் உள்ளே புண்ணாக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. தின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று புரையேறி இருமினால், அடங்கினாலும் அம்மாவிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். திட்டு விழும் என்று மறைக்காதீர்கள்.

அந்த நேரத்தில் செய்வது: பிள்ளை பலமாக இருமினால் இரும விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். தண்ணீரும் கொடுக்காதீர்கள். சத்தமே வராவிட்டால், அல்லது உதடு நீலமானால், உடனே குனியவைத்து, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 அடி. வரவில்லையென்றால் தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே, உள்ளும் மேலுமாக 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் அழுத்துங்கள்.

5 வயது வரை முழுக் கடலை வேண்டாம், பொடித்துக் கொடுங்கள்.

வாளியில் தண்ணீர்

வேலை முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

கூட்டிப்போக வருபவர்

அம்மா சொல்லியிருக்கும் ஆள் மட்டும். "நான் மாமா" என்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

கஞ்சி, பால் கொட்டிச் சுட்டுவிட்டால்

20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட்டும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்.