வீட்டுக் கடனை விரைவாக அடைக்க விரும்பும் குடும்பங்களுக்கு

கடனை அடைப்பது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், கூடுதலாக ஒரு காசு கட்டுவதற்கு முன்பே, இருக்கும் கடன்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிவிட வேண்டும். யாரிடம் வாங்கியது, இன்றைய நிலுவை எவ்வளவு, வட்டி விகிதம் என்ன, மாதத் தவணை எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், இன்னும் எத்தனை தவணைகள் பாக்கி என்னும் ஆறு விவரங்களும் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே இருக்க வேண்டும். நிலுவையை நினைவிலிருந்து எழுதாமல், கடன் கொடுத்தவர் அண்மையில் அனுப்பிய கணக்கறிக்கையைப் பார்த்தே எழுதுங்கள். எங்கள் வீட்டில், நாங்கள் நினைத்திருந்த தொகையைவிட உண்மையான நிலுவை நான்கு மாதத் தவணைகள் அளவுக்குக் கூடுதலாக இருந்தது.

அந்தத் தாளை எழுதிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைகள் உறங்கிய பிறகு மேசையில் அமர்ந்து ஐந்து வரிகளை எழுதி முடித்து, நான் கூட்டல் போடத் தொடங்கியபோது, என் மனைவி என் கையிலிருந்த பேனாவை வாங்கி, ஒன்றும் பேசாமல் ஆறாவதாக ஒரு வரியை எழுதினார். அவருடைய அக்காவிடம் வாங்கிய கைமாற்று அது. எட்டு மாதங்களாகத் தம் செலவுகளைக் குறைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறார். “உங்களுக்கு இருக்கிற கவலையில் இதையும் எப்படிச் சொல்வது என்றுதான் விட்டுவிட்டேன்” என்றார். ஏழாவது வரியை நான் எழுதினேன். எதற்காக வாங்கினாய், ஏன் சொல்லவில்லை என்று அந்த நேரத்தில் கேட்கத் தொடங்கினால் எட்டாவது வரி ஒருபோதும் வெளியே வராது. ஆகவே அன்றைக்கு எழுதுவதோடு நிறுத்திக்கொண்டு, பேச்சை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

எந்தக் கடன் முதலில்

கையில் மிஞ்சும் கூடுதல் தொகை எதுவாயினும், வட்டி விகிதம் மிக அதிகமாக இருக்கும் கடனுக்கே முதலில் செல்ல வேண்டும். மற்றவற்றுக்குக் குறித்த தவணையை மட்டும் தவறாமல் கட்டிவந்தால் போதும். கடன் அட்டையில் மாதம் 3 சதவீதம் என்றால் சிறியதாகத்தான் தெரியும், ஆனால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த விகிதத்தில் 1,00,000 நிலுவை வைத்திருப்பவர், மேற்கொண்டு எதுவும் வாங்காமல், ஒவ்வொரு மாதமும் நிலுவையில் 5 சதவீதத்தைக் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டிவந்தால், ஓராண்டில் ஏறத்தாழ 55,000 கட்டியிருப்பார்; கடன் குறைந்திருப்பதோ 23,000 மட்டுமே.

வட்டி விகிதங்களை ஒப்பிடும்போது, அவை கணக்கிடப்படும் முறையையும் கேட்டறிய வேண்டும். கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடுவது ஒரு முறை. கடன் முடியும்வரை தொடக்க அசல் முழுவதற்கும் வட்டி போடுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் 10 சதவீதம் என்று சொல்லி மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்கப்படும் கடன், முதல் முறையில் கணக்கிட்டால் 18 சதவீதத்துக்கு மிக அருகில் வருகிறது. 14 சதவீத வட்டிக் கடனைக் கண்டு அஞ்சி, இந்தப் 10 சதவீதத்தை மலிவு என்று விட்டுவைக்கும் தவறைப் பலரும் செய்கிறார்கள்.

மிகச் சிறிய கடனை முதலில் அடைத்தால் உற்சாகம் பிறக்கும் என்பாரும் உண்டு. ஓரிரு மாதங்களில் முடிந்துவிடக்கூடிய கடன் ஏதேனும் இருந்தால் அதை முடித்துவிடுவதில் எனக்கு மறுப்பில்லை, ஏனெனில் கணக்கில் ஒரு வரி அழிவதைக் குடும்பமே பார்ப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதற்கு மேல், வரிசையை வட்டி விகிதமே தீர்மானிக்கட்டும். உறவினரிடம் வாங்கிய வட்டியில்லாக் கைமாற்று மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அவருக்குத் தேதி ஒன்றைச் சொல்லி, அதன்படி கொடுத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு மாதச் செலவுக்குரிய தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். அது இல்லாத குடும்பத்தில் ஒரு மருத்துவச் செலவு வந்தால், அடைத்த கடன் அட்டையே மீண்டும் வெளியே வரும். அதிக வட்டிக் கடன்கள் தீர்ந்தபின் அதை மூன்று மாதச் செலவாகவோ, வருமானம் நிலையற்றதாக இருந்தால் ஆறு மாதச் செலவாகவோ உயர்த்தலாம்.

வீட்டுக் கடனின் கணக்கு

வீட்டுக் கடனில் பணம் எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, 1,00,000 கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கடன் இதைப்போல் எத்தனை மடங்கோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளலாம். மாதத் தவணை ஏறத்தாழ 900. முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 750 வட்டிக்குப் போய்விட, அசலில் குறைவது 150 மட்டுமே. இப்படியே போனால், அசலில் பாதி தீர்வதற்கு ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும். முடிவில் கட்டிய மொத்தம் 2,15,900 அளவுக்கு இருக்கும்.

இதே கடனுக்குத் தொடக்கத்திலிருந்தே மாதந்தோறும் 10 சதவீதம், அதாவது 90 மட்டும் கூடுதலாகக் கட்டிவந்தால், 240 மாதங்களுக்குப் பதிலாக 190 மாதங்களில் கடன் முடிந்துவிடுகிறது. வட்டியில் 28,000 அளவுக்கு மிச்சமாகிறது. கூடுதல் தொகையை எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். முதலாண்டு முடிவில் ஒரே ஒருமுறை 1,000 கூடுதலாகக் கட்டினால், கடன் முடியும்போது வட்டியில் 4,300-க்கு மேல் மிச்சமாகியிருக்கும். அதே 1,000-ஐ 15-ஆம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 560 அளவுக்கே. வீடு வாங்கிய முதல் சில ஆண்டுகளில் கைப்பணம் வற்றிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த ஆண்டுகளில் கட்டும் சிறு தொகைக்குத்தான் இவ்வளவு பலம் இருக்கிறது.

கூடுதலாகக் கட்டும்போது, அந்தத் தொகையை அசலில் கழிக்க வேண்டும் என்றும், தவணைத் தொகையைக் குறைக்காமல் தவணைக் காலத்தைக் குறைக்க வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் முதல்முறை கட்டியபோது இதைச் சொல்லத் தவறினோம். அடுத்த மாதம் தவணை சற்றுக் குறைந்து வந்தது, அந்த வித்தியாசம் வீட்டுச் செலவில் கரைந்துபோனது. முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்; கட்டணம் உண்டென்றால், சிறு சிறு தொகையாகக் கட்டாமல், கட்டணமின்றி ஆண்டுக்கு எவ்வளவு அனுமதிக்கிறார்களோ அந்த வரம்புக்குள் கட்டலாம்.

மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வட்டி உயரும்போது கடன் கொடுத்தவர் தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிவிடுவது உண்டு. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 9-லிருந்து 10 சதவீதம் ஆகி, தவணை அப்படியே இருந்தால், 240 மாதங்கள் 314 மாதங்களாகிவிடும். மாதந்தோறும் அதே தொகை கழிவதால் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கூடியதை வீட்டில் ஒருவரும் உணர மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வட்டி மாற்றத்துக்குப் பிறகும் எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையைக் கேட்டு, தாளில் திருத்துங்கள். குறைந்த வட்டிக்காக வேறு நிறுவனத்துக்குக் கடனை மாற்றுபவர்களும், மாற்றும் செலவுகளைக் கழித்துப் பார்ப்பதோடு, எஞ்சிய காலத்துக்கு மேல் ஒரு மாதமும் கூட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கூடுதல் தொகைக்கு வழி

செலவைச் சுருக்குவது பற்றி எல்லாரும் அறிவார்கள், அதை நான் நீட்டப் போவதில்லை. எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது, முடிந்த கடனின் தவணையை விடாமல் பிடித்துக்கொண்டதுதான். ஒரு கடன் தீர்ந்த மாதமே அதன் தவணைத் தொகை முழுவதையும் அடுத்த கடனுக்குத் திருப்பிவிட்டோம். ஊதியம் உயர்ந்தபோது உயர்வில் பாதியை, அது கையில் பழகுவதற்கு முன்பே, தவணையோடு சேர்த்தோம்.

பிள்ளைகளுக்கும் அளவோடு தெரியட்டும். நூறு கட்டங்கள் வரைந்த தாள் ஒன்றை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, அசலில் நூற்றில் ஒரு பங்கு குறையும்தோறும் ஒரு கட்டத்துக்கு எங்கள் மகள் வண்ணம் தீட்டினாள். முதலாண்டில் தீட்டியது மூன்று கட்டங்களே என்பதால், அவளுக்கு அசலையும் வட்டியையும் விளக்க வேண்டியதாயிற்று.

வேலை போய், தவணை கட்ட முடியாத நிலை வந்தால், தவணைத் தேதி கடந்த பிறகு செல்வதைவிட, அதற்கு முன்பே கடன் கொடுத்தவரை நேரில் சந்தித்துக் காலநீட்டிப்போ தற்காலிகக் குறைப்போ கேளுங்கள். தாமதம் பதிவாகிவிட்டால் பேசுவதற்கான இடம் குறைந்துவிடும்.

கடைசித் தவணைக்குப் பிறகு

முழுத் தொகையும் கட்டிய நாளோடு வேலை முடிந்துவிடாது. நிலுவை ஏதும் இல்லை என்ற சான்றைக் கையெழுத்துடன் பெற வேண்டும். தானாகப் பணம் கழியும் ஏற்பாட்டை நிறுத்த வேண்டும். வீட்டின் மீதிருக்கும் அடமானப் பதிவை உரிய அலுவலகத்தில் நீக்கச் செய்ய வேண்டும். சில வாரங்கள் கழித்துக் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மூலப் பத்திரங்களைத் திரும்ப வாங்கும்போது, கடன் வாங்கிய அன்று நீங்கள் ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக எண்ணிச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைப் போடுங்கள்.