மதகுத் தூணுக்கு மெஷ் போடும்போது

வெண்ணாற்று மதகுத் தூண் ஒன்றை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது சிறு கட்டங்களின் வலையாக (மெஷ்) பிரித்துக் கணக்கிட்டு, ஆராய்கிறீர்களா? ஷட்டர் இறங்கும் காடியின் மூலையில்தான் தகைவு (ஓரலகுப் பரப்பில் உள்ள விசை) குவியும். பொடி அறுமுகக் கட்டங்கள் (செங்கல் போல ஆறு முகம் உள்ளவை) அங்கே மட்டும் போதும். பெரிய கட்டத்திலிருந்து ஒன்றுக்கு மூன்றாக இறங்குங்கள்; அதாவது பெரிய கட்டத்தின் ஒரு பக்கத்தில் மூன்று சிறு கட்டங்கள் வந்து சேரட்டும். ஒன்றுக்கு இரண்டு என்றால், ஒரு பக்கம் மட்டும் இரண்டாகி, கட்டத்தின் முகமான நாற்கரத்தின் ஓரத் துண்டுகள் 5 ஆகிவிடும். ஒற்றைப்படை ஓரத்தை நாற்கரங்களாக மட்டும் பிரிக்கவே முடியாது. மூன்று என்றால் 6. உள்ளே 4 நாற்கரங்கள் அழகாக அமையும். முதல் அடுக்கில் அகலவாக்கில், அடுத்ததில் நீளவாக்கில் என இரண்டு தவணையாக மாற்றுங்கள். கல்லணையில் பிரியும் தண்ணீரும் கடைமடைக்கு ஒரே தாவலில் போவதில்லையே! பெரியதிலிருந்து சிறியதுக்கு மாறும் இந்த மாற்றடுக்கின் கட்டங்கள் சாய்ந்திருக்கும். ஆகவே காடி மூலையிலிருந்து இரண்டு மூன்று கட்டமாவது தள்ளி வையுங்கள். கணக்கை ஓட்டும் முன் ஜாக்கோபியன் (கட்டம் உள்வெளியாகப் புரளாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) எங்கும் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.