ஸ்னோவில் கார் ஓட்டப் போகும் நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தை மாதம் மகளைப் பார்க்கக் கனடாவில் ஸ்காபரோ போய் ஆறு கிழமை நின்றேன். அதற்குள் நம் திருகோணமலைப் பிள்ளைகள் மூன்று பேர் காரைக் கொண்டுபோய் இடித்துவிட்டார்கள். ஒருவன் உப்புவெளி, ஒருவன் ஆலங்கேணி, மூன்றாமவன் என் தங்கையின் மகன். மூன்று பேரும் ஊரில் நன்றாக ஓட்டியவர்கள். ஹபரணைக் காட்டு வீதியில் இரவு நேரம் யானைக்கு ஒதுங்கி வாகனம் கொண்டுவந்தவர்கள்.

நான் அங்கே பன்னிரண்டு குளிர்காலம் டெலிவரி வான் ஓட்டியவன். அவர்கள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, என் முதல் வருஷம் அப்படியே கண்முன் வந்து நின்றது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கனடா புறப்படும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெதுவாகப் போ, இடைவெளி விடு, போனைத் தொடாதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஃபோர்வீல் தானே, ரயரைப் பிறகு பாப்பம்"

இந்த ஒரு தவறை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இது எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும்.

நிலாவெளிக் கடற்கரையில் வாகனம் இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சாதாரண வான் பத்தடி போவதற்குள் புதைந்துவிடும். படகை இழுத்துக்கொண்டு, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீல் ஜீப் மட்டும் மேலே ஏறி வரும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்ததால், ஃபோர்வீல் என்றால் எங்கும் போகலாம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் மணலில் வாகனத்தை நிறுத்துவது ஒரு வேலையே இல்லை. காலை எடுத்தால் போதும், மணலே பிடித்துக்கொள்ளும். கிளம்புவதுதான் பாடு. ஸ்னோவில் இது தலைகீழ். பச்சை விழுந்ததும் ஃபோர்வீல் வண்டி எல்லாரையும் முந்திக் கிளம்பிவிடும். நிறுத்தும்போது அந்த இழுவையால் ஒரு பிரயோசனமும் இல்லை. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிலத்தைப் பிடிப்பது ரயரின் ரப்பர் மட்டுமே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் மார்கழி. பழைய ஃபோர்வீல் ஒன்று வாங்கியிருந்தேன். ரயர் எல்லாப் பருவத்துக்கும் ஆனது, பூவும், அதாவது ரயரில் வெட்டியிருக்கிற கோடுகளும், நல்ல ஆழம். குளிர்காலத்துக்கென்றே செய்த வின்ரர் ரயர் நாலுக்கும் அறுநூறு டொலர் கேட்டார்கள். அடுத்த வருஷம் போடலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பின்னேரம் 401 நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிறேன். கீழே சிவப்பு விளக்கு, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கார். வேகம் நாற்பதுதான் இருக்கும். வழக்கமாகப் பிரேக் பிடிக்கிற இடத்தில் பிடித்தேன். வண்டி நிற்கவே இல்லை. அவசரமே இல்லாமல், நேராக, அந்தக் காரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. முன் காரின் பின் கண்ணாடிக்குள் ஒரு குழந்தையின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அது கிட்ட வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் செய்ய முடியவில்லை. யாருக்கும் காயமில்லை. பிழை என்மேல். அந்த விபத்து ஆறு வருஷம் என் காப்புறுதிக் கட்டணத்தில் ஏறி இருந்தது. அறுநூறு டொலரைப் போலப் பல மடங்கு கட்டி முடித்தேன். அந்தத் தொப்பியை இன்னும் மறக்க முடியவில்லை.

போன தையில் மருமகனும் இதே வசனத்தைச் சொன்னான். "மாமா, இது நாலு வீலும் இழுக்கிற வாகனம். ரயரை அடுத்த வருஷம் பாப்பம்." பதினொரு நாளில் தபால் பெட்டித் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினான்.

ரப்பருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கினால் இந்தப் பிடிவாதம் போய்விடும். திருகோணமலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் உடனே வரும். அதே போத்தல் கனடாக் குசினியில் வெள்ளையாக இறுகிப் போயிருக்கும், கரண்டியால் சுரண்ட வேண்டும். ரப்பரும் குளிரில் இப்படித்தான். வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போகப் போக சாதாரண ரயர் விறைத்துவிடும். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் விறைத்த ரப்பர் வீதியைப் பிடிக்காது. வின்ரர் ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெதுமையாக இருக்கும்படி செய்தது. ஸ்னோ விழாத காய்ந்த குளிர் நாளிலும் அது தேவைப்படுவது இதனால்தான்.

கணக்கையும் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற கார், காய்ந்த தாரில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கும். வழுக்கும் ஐஸில் அது 100 மீற்றரைத் தொடும். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். அதில் கால்வாசித் தூரம் பிரேக்கை மிதித்தபடியே வழுக்கிப் போவதை யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எம், எஸ் என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அது வின்ரர் ரயர் ஆகாது. கியூபெக்கில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை இது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, நம் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். கட்டாயம் இல்லாவிட்டாலும், வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து அங்கே விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, வின்ரர் ரயர் ஓடுகிற மாதங்களில் மற்ற ரயர் தேயாமல் கிடக்கிறது. நாலைந்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் கூடச் செலவில்லை.

இரண்டு ரயர் மட்டும் போடுதல்

நாலும் போடுங்கள். முன்னுக்கு மட்டும் போட்டால் முன் பிடிக்கும், பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும்.

ரயர்க் காற்றை இறக்குதல்

இதுவும் நிலாவெளிப் பழக்கம். மணலில் காற்றைக் குறைத்தால் ரயர் அகலமாகப் பரவி மேலே மிதக்கும், சரி. ஸ்னோ வீதியில் வேண்டாம். குளிர் தானாகவே காற்றைக் குறைக்கும். ஐந்தாறு பாகை இறங்கினால் காற்றழுத்தத்தில் ஒரு பிஎஸ்ஐ அளவு போய்விடும். ஐப்பசியில் சரியாக அடித்த காற்று தையில் போதாது. மாதம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள்.

ஏபிஎஸ் உதறும்போது காலை எடுத்தல்

ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு. அது வேலை செய்யும்போது பிரேக் மிதி காலுக்குக் கீழே கடகடவென்று உதறும். ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுக்காதீர்கள், விட்டு விட்டும் மிதிக்காதீர்கள். அது வேலை செய்கிற சத்தம். அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர்

வெடிக்கும்.

கூரை ஸ்னோவோடு கிளம்புதல்

முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். உள்ளே சூடு ஏறியதும் கூரையில் இருப்பதன் அடி இளகும். முதல் பிரேக்கில் முழுப் பாளமும் முன் கண்ணாடியில் வந்து விழும், வைப்பரால் தூக்க முடியாது. ஐந்து நிமிஷம் முன்னால் எழும்பி எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள்.

பாலத்தையும் வீதியாக நினைத்தல்

சாதாரண வீதிக்குக் கீழே மண் இருக்கிறது, கொஞ்சம் சூட்டை வைத்திருக்கும். பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. அதனால் வீதி வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். அந்த ஐஸ் கண்ணாடி போல இருக்கும், கறுப்புத் தார் அப்படியே தெரியும். ஈரம் என்றே நினைப்பீர்கள். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே ஏறியதும் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்தபடி போங்கள்.

உப்புப் போட்டிருக்கிறார்களே என்றும் நம்ப வேண்டாம். வீதிக்குப் போடுகிற சாதாரண உப்பு, மைனஸ் பத்தைத் தாண்டினால் பெரிதாக வேலை செய்யாது.

புதைந்த காருக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருத்தல்

இது உயிர் சம்பந்தப்பட்டது. கார் ஸ்னோவில் இறங்கி நின்றால் சூட்டுக்காக எஞ்சினை ஓட விடுவோம். பின்னால் புகைக் குழாய் ஸ்னோவுக்குள் புதைந்திருந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரை வருவது போல இருக்கும், அவ்வளவுதான். முதலில் இறங்கி, கையாலாவது குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு, பிறகு எஞ்சினைப் போடுங்கள். ஸ்னோ தொடர்ந்து கொட்டினால் திரும்பத் திரும்ப இறங்கிப் பாருங்கள். ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

வழுக்கலை முதன்முதலாக நடுவீதியில் சந்தித்தல்

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் ஸ்னோவில் ஓட்டுவதன் ருசியே இங்கேதான் இருக்கிறது. முதல் ஸ்னோ நன்றாக விழுந்த இரவில், யாருமில்லாத பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, தெரிந்த ஒருவரோடு போங்கள். விளக்குக் கம்பமும் கொங்கிறீற் திட்டும் இல்லாத பக்கமாகப் பாருங்கள். இருபதில் போய் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்துங்கள். வேண்டுமென்றே வளையுங்கள். கார் பக்கவாட்டில் வழுக்கும்போது காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைக் கண்ணால் பார்த்து, ஸ்டியரிங்கை அங்கேயே திருப்புங்கள். இடிக்கப் போகிற கம்பத்தைப் பார்த்தால் கையும் அங்கேதான் போகும்.

மருமகனை அப்படிக் கூட்டிக்கொண்டு போனேன், புது ரயர் நாலும் போட்ட பிறகு. மைனஸ் பதினைந்து. ரயருக்குக் கீழே ஸ்னோ பொரியை மிதிப்பது போல நொறுங்கியது. வேறு சத்தமே இல்லை. முதல் நாலு தடவையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான், நெற்றி வியர்த்திருந்தது. ஐந்தாவது தடவை பின்பக்கம் விலகத் தொடங்கியதும் காலை எடுத்தான், தலையைத் திருப்பிப் பார்த்தான், கார் தானாக நேராக வந்து நின்றது. "மாமா, இன்னொருக்கா" என்றான். நடுச்சாமம் தாண்டும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.