கால் முறிவு ஆறும் காலத்தில் இளங்குதிரையைப் பழக்குதல்

உங்கள் கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும் வாரங்களில் இளங்குதிரையின் பயிற்சியை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஊன்றுகோலுடன் தனியாக அதன் அருகில் செல்லக் கூடாது. பழகாத குதிரை ஊன்றுகோலைக் கண்டு மிரளலாம். மிரண்டால் உங்களால் விரைந்து விலக இயலாது. எனவே அனுபவமுள்ள ஒருவர் கயிற்றைப் பிடிக்க, நீங்கள் வேலிக்கு வெளியே அமர்ந்து வழிநடத்துங்கள்.

நடத்துதல், நிறுத்துதல், பின்வாங்கச் செய்தல், குளம்பைத் தூக்கிக் கொடுக்கப் பழக்குதல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடங்கள் போதும். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டுவதை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சிறு வட்டம் வளரும் மூட்டுகளுக்குச் சுமையாகும் என்பதால், விட்டம் ஏறக்குறைய 20 மீட்டர் இருப்பது நல்லது. குதிரையின் முதுகெலும்பு முழுமையாக முதிர்வதற்கு 5 வயதுக்கு மேலாகும். சவாரி சில மாதங்கள் தள்ளிப்போனால் அதற்கு நட்டமில்லை, அவசரம் பெரும்பாலும் நமக்குத்தான்.

மருத்துவர் அனுமதித்த பிறகும், காயம்பட்ட காலில் மட்டும் நின்று சமநிலை காக்கவும், குதிகாலை வலியின்றி உயர்த்தித் தாழ்த்தவும் முடிகிறதா என்று பாருங்கள். அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில், ஊன்றும் எடையைக் கணுக்கால்தான் தாங்குகிறது. முதல் சவாரியை வயதான, சாதுவான குதிரையின் மீது தொடங்குங்கள். ஏறுவதற்குப் படியைப் பயன்படுத்துங்கள், இறங்கும்போதும் குதிக்காமல் அதே படியில் கால் வையுங்கள்.