தொலைந்த விண்டோஸ் கீயை மீட்பது: என் அனுபவம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டேலி ஓடும் பழைய கணினிகளுக்கு விண்டோஸ் மறுபடி போடும்போது வரும் முதல் கேள்வி, “கீ எங்கீங்க?” என்பதுதான். கீ என்பது விண்டோஸ் உரிமத்துக்கான 25 எழுத்துக் குறியீடு. டிஸ்க்கை ஃபார்மட் செய்வதற்கு முன்னாலேயே அதைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதைத் தயாரித்த கம்பெனியே ஏற்றி அனுப்பிய கணினி என்றால் கீ மதர்போர்டில் இருக்கும். விண்டோஸில் கட்டளை தட்டும் திரையான பவர்ஷெல்லில், உரிம விவரம் தரும் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் (SoftwareLicensingService) வகுப்பைக் கேட்டால், ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்புராடக்ட்கீ (OA3xOriginalProductKey) என்ற வரியில் 25 எழுத்தும் வரும். டிஸ்க் செத்திருந்தாலும் லினக்ஸ் பென் டிரைவில் ஏற்றி, மதர்போர்டு தரும் ஏசிபிஐ (ACPI) அட்டவணைகளில், கீ இருக்கும் எம்எஸ்டிஎம் (MSDM) கோப்பைப் படிக்கலாம்.

பவர்ஷெல்லில் அந்த வரி காலியாக வந்தால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் தேட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 10 ஹோமில் கீ 8ஹெச்விஎக்ஸ்7 (8HVX7) என்றோ, புரோவில் 3வி66டி (3V66T) என்றோ முடிந்தால் அது எல்லாருக்கும் பொதுவான கீ. எழுதி வைத்துப் பயனில்லை. உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கிறது. போர்டை மாற்றும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

பெரிய பிராண்டு விண்டோஸ் 7 கணினிகளிலும் ரெஜிஸ்ட்ரியில் இருப்பது பெரும்பாலும் அந்த பிராண்டின் பொதுக் கீ. உண்மையான கீ கணினியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்; லேப்டாப்பில் பேட்டரிக்கு அடியிலும் பாருங்கள். பஞ்சுத்தூசும் வியர்வையும் பட்டு மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். அந்தக் கீயில் 0, 1, 5 வராது, ஆங்கில உயிரெழுத்தும் வராது. பூஜ்யமாகத் தெரிவது க்யூ (Q) அல்லது டி (D). பி-யா (B) 8-ஆ, ஜி-யா (G) 6-ஆ என்பதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.