ஐஸ்லாந்து போனால் பாறைக்குள் குடியிருப்பவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்

ஐஸ்லாந்துக்காரர்களின் நம்பிக்கையில் 'ஹுல்டுஃபோல்க்' என்றொரு கூட்டம் உண்டு. மறைந்து வாழும் மக்கள் என்று பொருள்; ஒருவகைத் தேவதைகள். பார்க்க நம்மைப் போலத்தான், வீடு பாறைக்குள். காட்டில் அல்ல, ஊர் நடுவிலேயே.

தலைநகர் ரெய்க்யவிக் போகிறவர்களுக்கு அரை நாள் மிச்சமிருந்தால், 1ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறி ஹஃப்னர்ஃபியோர்துர் போங்கள். சுமார் 10 கிலோமீட்டர்தான். எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகள் மேலேயே எழுந்த ஊர் அது. அங்குள்ள ஹெட்லிஸ்கெர்தி பூங்காவில் இந்த மறைந்த மக்கள் குடியிருப்பதாகச் சொல்வார்கள். டிசம்பரில் பகல் நாலைந்து மணி நேரம்தான், அதனால் மதியத்துக்குள் போய்விடுவது நல்லது. பாறைமேல் படர்ந்த பாசியை மட்டும் மிதிக்காதீர்கள். தேவதைக் கோபம் இருக்கட்டும், பிய்ந்த பாசி மறுபடி வளரப் பல வருடம் ஆகும்.

எனக்கு இதைவிடப் பிடித்த இடம் வழியிலுள்ள கோபவோகுர். அங்கே ஆல்ஃப்ஹோல்ஸ்வேகுர் என்ற தெரு ஓரிடத்தில் திடீரென்று குறுகும். காரணம், 'ஆல்ஃப்ஹோல்' என்கிற தேவதை மேடு. அதை உடைக்க முயன்றபோதெல்லாம் ஏதோ தடங்கல் வந்ததாம். கடைசியில் சாலைதான் ஒதுங்கிப் போனது. நம்மூரில் தார்ச்சாலை நடுவே நிற்கும் முனியப்பன் கோயில் போலத்தான்!

வாய்ப்பிருந்தால் ஜனவரி 6ஐ ஒட்டிப் போங்கள். புத்தாண்டிரவிலும் அன்றிரவிலும் மறைந்த மக்கள் வீடு மாறுவார்கள் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. ஊர்க்காரர்கள் சொக்கப்பனை மாதிரி பெரிய தீ மூட்டுவார்கள். குல்லாவும் கையுறையும் மறக்க வேண்டாம்.